முன்னால் நடக்கத் தெரியாத கைடு

எங்கள் மலையில் ஓயாமல் சத்தம் போடுவது இரண்டே இரண்டுதான். ஒன்று, பீலிக் குழாயில் விழுகிற தண்ணீர். மற்றது, எங்கள் லயத்து விளக்கம். வெயில் காலத்தில் தண்ணீராவது கொஞ்சம் ஓயும்.

விளக்கம் என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வைத்த பேர் என்ன என்று அவர் சம்சாரம் பாக்கியத்தைக் கேட்டால், அவளும் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் சொல்வாள். தலவாக்கலைக்குப் பக்கத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம். அதில் அவர் கொழுந்து மலைக் கங்காணியாக இருந்தார். பெண்டுகள் நாங்கள் ஆளுக்கொரு நிரை பிடித்துக் கொழுந்து எடுத்துக்கொண்டே மேலே ஏறுவோம். அவர் பின்னால் நின்று, யார் எங்கே செடியை விட்டுவிட்டுப் போகிறாள் என்று பார்ப்பார். முகத்துக்கு நேரே அவரைக் கங்காணி என்போம். அவர் அந்தப் பக்கம் திரும்பினால் விளக்கம் என்போம். அது அவருக்கும் தெரியும். அந்தப் பேர் எப்படி வந்தது என்பதற்கும் அவரிடம் ஒரு விளக்கம் இருந்தது.

எதைப் பார்த்தாலும் அவரால் சும்மா விட முடியாது. சாவு வீட்டில் அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, பெட்டி என்ன மரம், அந்த மரம் எந்தச் சீமையிலிருந்து வந்தது என்று ஆரம்பிப்பார். அழுதவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு “அப்புடிங்களா” என்பாள். ஒரு தடவை கால் பிசகி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, ஊசி போட வந்த நர்ஸம்மாவுக்கு அந்தக் கட்டடத்தின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தாராம். எல்லாம் சொல்லி முடித்துவிட்டு “சரி, இப்ப ஊசியப் போடுங்க” என்றாராம். ஊசி எப்போதோ போட்டாகிவிட்டது.

அவருடைய வரலாற்றில் ஒரே ஓர் ஆள்தான் உண்டு. அந்த ஆளுக்குப் பேர் ‘ஒரு துரை.’ இந்தச் சவுக்கு மரத்தை நட்டது யார்? ஒரு துரை. தேயிலை ஸ்டோருக்குப் போகிற பாதையை வளைத்துப் போட்டது யார்? ஒரு துரை. நுவரெலியாவில் அவ்வளவு பெரிய ஏரி எப்படி வந்தது? அதுவும் ஒரு துரைதான்.

ஒரு நாள் பாக்கியம் ரொட்டி தட்டிக்கொண்டே கேட்டாள். “ஏங்க, துரையா மம்பட்டியப் புடிச்சி ஏரிய வெட்டுனாரு?”

“வெட்டச் சொன்னது துரை. வெட்டுனது நம்மாளுக.”

“அப்ப நம்மாளுக வெட்டுனதுன்னு சொல்லுங்க.”

அன்றைக்கு ரொட்டியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார் என்று பாக்கியம் பீலியடியில் வந்து எல்லோரிடமும் சொன்னாள்.

வயது வந்து வேலையிலிருந்து நின்ற பிறகு, அவர் அடங்கிவிடுவார் என்று நினைத்தோம். மலையில் எங்களுக்குச் சொன்னதையெல்லாம் இப்போது லயத்தில் சொல்ல ஆரம்பித்தார். நானும் அவருக்குக் கொஞ்சம் முன்னால் வேலையிலிருந்து நின்றவள். லயத்தில் வரிசையாக இருக்கிற வீடுகளில் என் காம்பரா அவர்கள் காம்பராவை ஒட்டி இருந்தது. வேறு யாரும் அகப்படாவிட்டால் நான் அகப்படுவேன். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. யார் பேசினாலும் தலையை ஆட்டிக்கொண்டு கேட்பேன். எழுந்து போவது மரியாதை இல்லையே என்று உட்கார்ந்திருப்பேன். ஆகவே அவருக்கு என்னை ரொம்பப் பிடிக்கும்.

அந்த நாள்களில்தான் ஒரு சுற்றுலா வேன் வந்தது. இது சரஸ் சொல்லிக் கேட்டது. றோட்டோரத்து மலையில் பெண்டுகள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். இந்தியாவிலிருந்து வந்த தமிழ் ஆட்கள் இறங்கிப் போட்டோ எடுத்தார்கள். கூட வந்த கைடு கழுத்தில் பேட்ஜ் தொங்க விட்டுக்கொண்டு, இந்தப் பெண்கள் விடியற்காலையில் பாட்டுப் பாடிக்கொண்டே மலை ஏறுவார்கள், பனியைப் பார்த்தால் இவர்களுக்கு அவ்வளவு சந்தோசம் என்று சொன்னார். காலில் அட்டையைப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்த சரஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சரஸ் எங்கள் கொழுந்துச் செட்டிலேயே வாய்த் துடுக்கானவள்.

விளக்கம் அப்போது றோட்டில் போய்க்கொண்டிருந்தார். நின்றார். “அப்புடி இல்லீங்க, விடிய எந்திரிச்சா பெரட்டுக்குப் பேர் குடுக்க நேரமாச்சேன்னு ஓடத்தான் சரியா இருக்கும், எவ பாடுறது” என்று ஆரம்பித்தார். வந்தவர்களில் ஒருவர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டார். கங்காணியாக இருந்தேன் என்றார் இவர். “கைடு வேற மாதிரிச் சொல்றாரே” என்று சொல்லிவிட்டு அவர்கள் வேனில் ஏறிக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலம் அவர் என் வாசல் படியில் வந்து உட்கார்ந்தார். வழக்கமாக உட்காரும்போதே பேச்சு ஆரம்பித்துவிடும். அன்று படியோரத்துப் புல்லைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். எனக்கே பயமாக இருந்தது.

“நம்ம கதைய இன்னொருத்தன் சொல்றான்க்கா. நாம பக்கத்துலயே நிக்கிறோம். நம்மகிட்ட ஒரு வார்த்த கேக்கல. அந்த பேட்ஜ் இருந்தாத்தான் சொல்றது எடுபடும் போல.”

நுவரெலியா டவுனைச் சுற்றிக் காட்டுகிற கைடுகளுக்கு ஒரு பயிற்சி நடந்தது. தமிழில் சொல்லக்கூடியவர்களும் வேண்டும் என்றார்களாம். அடுத்த வாரமே இவர் போய்ச் சேர்ந்துவிட்டார். தலை நரைத்த மாணவர் இவர் ஒருவர்தானாம்.

கைடு என்றால் சும்மா இல்லை. என்னென்னவோ தெரிந்திருக்க வேண்டும். டவுன் கடலிலிருந்து எவ்வளவு உயரம், எந்த மாசம் மழை, எந்த மாசம் பூ, எந்தக் கட்டடம் என்ன கல், பூங்காவில் என்ன மரம், அதில் வந்து உட்காருகிற குருவி எந்த நாட்டிலிருந்து வருகிறது. கோயில், பள்ளிவாசல், விகாரை, சர்ச் ஒவ்வொன்றிலும் எங்கே செருப்பைக் கழற்ற வேண்டும், எங்கே தொப்பியைக் கழற்ற வேண்டும். யார் எதைச் சாப்பிட மாட்டார்கள். யாராவது மயங்கி விழுந்தால் என்ன செய்வது. இதையெல்லாம் படித்துவிட்டு வந்து எங்களிடம் ஒப்புவித்துப் பார்ப்பார். கட்டுப் போடுகிற பாடம் நடந்த அன்று, பாக்கியத்தின் வலது கையை அவள் சேலைத் தலைப்பாலேயே மடித்துக் கட்டிவிட்டு, அவிழ்க்கிற பாடம் அடுத்த வாரம்தான் என்று சொல்லிவிட்டார். அவள் இடது கையால் மாவு பிசைந்துகொண்டு, வலது கைக்குச் சேர்த்து வாயால் வேலை செய்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் லயத்துக்கே சுற்றுலா நடத்தினார். நாங்கள் வெளிநாட்டு ஆட்கள் என்று நினைத்துக்கொள்ள வேண்டுமாம். “ஒங்க எடது பக்கம் தெரியிறது பீலி. இதோட தண்ணி மலைக்கு மேல இருந்து வருது.” வலது பக்கம் சரஸின் கோழிக்கூடு. அதையும் விடவில்லை. ஒரு நிரையில் ஒரு செடியைக்கூட விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று எங்களைப் பழக்கினவர் அல்லவா, லயத்தில் ஒரு கதவைக்கூட விடாமல் விளக்கினார். கடைசிக் காம்பராவுக்குப் போவதற்குள் வெளிநாட்டு ஆட்கள் எல்லோரும் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் நின்றேன். “வேற ஏதாவது கேக்கணுமாக்கா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். அவருக்கு ரொம்பத் திருப்தி.

எழுத்துச் சோதனையில் முதல் தடவையே தேறிவிட்டார். கேள்விக்குக் கீழே நாலு விடை கொடுத்து ஒன்றில் கோடு போடச் சொல்கிற சோதனை அது. ‘ஒரு துரை’ என்று எழுத அதில் இடமே இல்லை. அதனால் பிழைத்தார்.

அடுத்தது நடைச் சோதனை. ஒரு சிறு கூட்டத்தை அவரவரே அழைத்து வந்து, குறித்த நேரத்துக்குள் டவுனைச் சுற்றிக் காட்ட வேண்டும். எந்த வழியாகப் போவது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். மற்றவர்கள் இரண்டு தெருவைச் சொன்னார்கள். விளக்கத்துக்கு எதை விடுவது என்று தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டு, மார்க்கெட், சிவப்புக் கல் தபால் கந்தோர், பூங்கா, குதிரைப் பந்தயத் திடல், கடைசியாக ஏரி என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். ஏரிக்கென்று தனியாக ஒரு பெரிய விளக்கம் வைத்திருக்கிறேன் என்றார். என்ன விளக்கம் என்று கேட்டால், அங்கே வந்து கேளுங்கள் என்பார்.

கூட்டத்துக்கு நாங்கள்தான். பாக்கியம், சரஸ், செட்டுப் பெண்டுகள் சில பேர், நான். நல்ல சேலை கட்டி, சோத்துப் பார்சல் கட்டிக்கொண்டு தலவாக்கலையில் பஸ் ஏறினோம். நாங்கள் நுவரெலியாவுக்குப் போகாதவர்கள் இல்லை. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போவோம், உடம்புக்கு முடியாவிட்டால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். பார்ப்பதற்கென்று போனது அதுதான் முதல் தடவை.

சோதனைக்கு ஒரு மிஸ் வந்திருந்தார். மெலிந்தவர், கண்ணாடி போட்டவர். பள்ளிக்கூடத்தில் வாசித்துக் காட்டுவது போலத் தெளிவாகப் பேசினார். தொடங்கலாம் என்றார். விளக்கம் மடித்த குடையை உயரத் தூக்கிப் பிடித்தார். கைடு குடையைத் தூக்கிப் பிடித்தால்தான் கூட்டம் பார்த்துக்கொண்டே பின்னால் வரும் என்பது பாடம்.

“சரி, நடங்க” என்றார்.

நடந்தோம். யாரும் சொல்லாமலே ஆளுக்கொரு நிரை பிடித்தோம். சரஸ் தண்ணீர் ஓடுகிற கானோரம், பாக்கியம் றோட்டு நடுவில், நான் கடையோரம். றோட்டை அடைத்துக்கொண்டு ஒரே வரிசையாகப் போனோம். பின்னால் ஒரு லொறி ஹோர்ன் அடித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால், எங்களுக்குப் பின்னால், குடையைத் தூக்கிக்கொண்டு விளக்கம் வந்தார்.

கட்டடத்தைப் பார்த்து அவர் சொல்ல ஆரம்பிக்கும்போது நாங்கள் அதைத் தாண்டிவிட்டிருப்போம். ஆகவே எங்களுக்கு எப்போதும் போன கட்டடத்தின் விளக்கம்தான் கிடைத்தது. மீன் கடையைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, இது வெள்ளைக்காரர் காலத்தில் சீமையிலிருந்து கொண்டுவந்தது என்று காதில் விழுந்தது. சரஸ் ஒரு கருவாட்டை எடுத்து நன்றாகப் பார்த்துவிட்டு, இருக்கும் இருக்கும் என்றாள்.

மிஸ் மட்டும், கைடு முன்னால் போய்க்கொண்டிருக்கிறார் என்று நினைத்து வேகமாக நடந்து, பூங்கா வாசல் வரை தனியாகப் போய்விட்டார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, கைடு எங்கே என்று கேட்டார்.

“பின்னால வாறாருங்க மிஸ்” என்றாள் சரஸ். “எப்பவும் அவரு பின்னாலதான்.”

மிஸ் அவரைப் பார்த்து, நீங்கள் ஏன் முன்னால் போகவில்லை என்று கேட்டார். அந்தக் கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

“முன்னால போனா, பின்னால என்னா நடக்குதுன்னு எப்புடிங்க மிஸ் தெரியும்?”

“என்ன நடக்கும்?”

“என்னா வேணும்னாலும் நடக்கும். இவங்கள ஒங்களுக்குத் தெரியாதுங்க மிஸ்.”

அந்தத் தடவை போய்விட்டது. வழிகாட்டி என்றால் முன்னால் நடக்க வேண்டும் என்று மிஸ் தன்மையாகத்தான் சொன்னார். பஸ்ஸில் வரும்போது சரஸ் மட்டும் ஒன்றைச் சொன்னாள். “முன்னால நடக்குறதும் ஒரு பாடம்னா, அத மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல கங்காணி.”

மறுநாளிலிருந்து அவர் முன்னால் நடக்கப் பழகினார். கேட்கிறவர்களுக்கு இது விளையாட்டாக இருக்கும். ஆயுசு முழுக்க ஆட்களின் முதுகைப் பார்த்தே நடந்த மனுசருக்கு, முதுகே இல்லாத றோட்டைப் பார்த்து நடக்க வரவில்லை. ஓரடி வைப்பார், திரும்பிப் பார்ப்பார். இன்னோரடி வைப்பார், திரும்பிப் பார்ப்பார். அப்படிப் பார்த்து ஒரு நாள் கானுக்குள் விழுந்தார். பிறகு ஒரு யோசனை கண்டுபிடித்தார். முன்னால் போகவும் வேண்டும், கூட்டத்தையும் பார்க்க வேண்டும் என்றால் பின்பக்கமாகவே நடந்தால் என்ன? குடையைத் தூக்கிக்கொண்டு, எங்கள் முகத்தைப் பார்த்தபடி லய வாசலில் பின்பக்கமாக நடந்து போனார். கொடியில் காய்ந்த பாக்கியத்தின் சேலை வந்து அவரைச் சுற்றிக்கொண்டது. சேலைக்குள் இருந்தும் விளக்கம் நிற்கவில்லை.

பாக்கியம் சேலையை உருவி எடுத்தாள். அவள் அன்று கிண்டல் பண்ணவில்லை.

“நீங்க நேரா பாத்து நடங்க. கடைசி ஆளா நான் வாறேன். எவளாச்சும் நின்னா நான் சத்தம் போடுறேன்.”

“நீ பராக்குப் பாத்து பேசிக்கிட்டே வருவ.”

“ஒங்களக் கட்டிக்கிட்ட நாள்ல இருந்து எனக்கு எங்க பேச எடங் கெடச்சிச்சு?”

அன்றிலிருந்து அவர் முன்னால் நடந்தார். பிடரி மட்டும் திரும்பலாமா வேண்டாமா என்று துடித்துக்கொண்டே இருக்கும். ஆனாலும் நடந்தார்.

இரண்டாவது சோதனை நாளில் டவுனில் மழையும் மூட்டமும். கைடு தூக்கிப் பிடிக்கிற குடை அடையாளக் குடை என்பதால் அதை விரிக்கக் கூடாது என்று அவராகவே முடிவு பண்ணியிருந்தார். மடித்த குடையை உயரப் பிடித்துக்கொண்டு முழுக்க நனைந்தபடி முன்னால் போனார். நாங்கள் தலைக்கு மேல் பையைப் பிடித்துக்கொண்டு ஒழுங்காக அவர் பின்னால் போனோம். எல்லாம் நன்றாகத்தான் நடந்தது. தபால் கந்தோர் வாசலில், மிஸ் கேட்ட கேள்விக்குத் துரையின் பேரையே சொன்னார். ஒரு துரைக்குப் பேரும் இருக்கிறது என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். மிஸ்ஸின் முகத்திலும் லேசாகச் சிரிப்பு வந்தது.

பூங்காவைத் தாண்டி ஏரிப் பக்கம் போகிற றோட்டில் என் முழங்கால் என்னை விட்டுவிட்டது. இறக்கத்தில் இறங்கி ஏறித் தேய்ந்த கால். மழை வேறு. சொல்லிக் கூப்பிடக் கூச்சப்பட்டுக்கொண்டு, மதிலோரத் திண்டில் மெல்ல உட்கார்ந்தேன். கடைசியாக வந்த பாக்கியம் நின்றுவிட்டாள். என்னைப் பார்த்தாள். முன்னால் உயரத்தில் போகிற குடையைப் பார்த்தாள். சத்தம் போட்டால் அவர் நிற்பார், நின்றால் ஏரிக்கு நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். பாக்கியம் வாயைப் பொத்திக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

குடை நின்றது. யாரும் கூப்பிடவில்லை. நடக்கிற சத்தத்தில் என்ன குறைந்தது என்று அவருக்கு எப்படித் தெரிந்ததோ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு திரும்பி வந்தார்.

“முடியலியாக்கா?”

“நீங்க போங்க கங்காணி. திரும்பி வரும்போது என்னயக் கூட்டிக்கிட்டுப் போங்க.”

மிஸ்ஸும் வந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவர் கெட்டவர் இல்லை, அவர் வேலை அது. நேரம் போகிறது, ஏரிக்குப் போகலாமா, இவரோடு ஒருவர் இருக்கட்டும் என்றார்.

“அக்கா எந்திரிக்கட்டும் மிஸ்” என்றார் விளக்கம்.

அவ்வளவுதான். அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை. அவர் வாயிலிருந்து அவ்வளவு சின்னதாக ஒரு பேச்சை நாங்கள் யாரும் கேட்டதே கிடையாது. தூக்கிப் பிடித்திருந்த குடையை இறக்கி, விரித்து, என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் மதிலுக்கு மேலே பூங்கா மரம் ஒன்று நின்றது. அதைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. நேரம் அங்கேயே முடிந்து போனது.

வழியை முடிக்காததால் அந்தத் தடவையும் தேறவில்லை. இன்னும் ஒரு தடவைதான் போகலாம், அதுவும் சரிவராவிட்டால் பயிற்சியை முதலிலிருந்து படிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். அந்த வயதில் இன்னொரு முறை அவ்வளவையும் படிப்பது எங்கே.

லயத்தில் யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. பாக்கியம் முழங்காலுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்து அவளே தேய்த்துவிட்டாள். தேய்த்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல், அடுத்த தடவை நீங்கள் வீட்டிலேயே இருந்து ஓய்வெடுங்கக்கா என்றாள். அது நியாயம்தான். எனக்கும் அது நிம்மதியாகவே இருந்தது. மூன்றாவது சோதனை நாளில் மற்றவர்கள் சேலை மாற்றும்போது நான் பழைய சேலையோடு அடுப்படியில் இருந்தேன்.

வெளியே ஆட்கள் கூடுகிற சத்தம் கேட்டது. பிறகு அவர் குரல். “ஒரு ஆளு கொறையுது.”

யாரோ என்னவோ சொன்னார்கள். அவர் என் வாசலுக்கு வந்துவிட்டார். வெளுத்த சட்டை, கையில் குடை.

“வாங்கக்கா, பஸ் போயிரும்.”

“நான் வரல கங்காணி. போன தடவ மாதிரி ஆயிரும். இது கடைசித் தடவைங்கிறாங்க.”

“ஆகாது. நான் வழிய மாத்திக் குடுத்துட்டேன்.”

எந்த வழி என்று கேட்டேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தபால் கந்தோர் வரைக்கும் என்றார். நான் அவரைப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து தபால் கந்தோருக்கு, என் காலுக்கும் அது ஒரு நடை இல்லை.

“அப்ப ஏரி?”

“ஏரி எங்கயும் போகாதுக்கா.” சொல்லிவிட்டு வாசல் நிலையைத் தடவிக்கொண்டு நின்றார். “ஒங்கள வீட்ல விட்டுட்டு வந்து ஏரியக் காட்டி நான் பாஸாகணுமா?”

நல்ல சேலை பெட்டிக்கு அடியில் இருந்தது. எடுத்துக் கட்டிக்கொண்டேன். பாக்கியம் உள்ளே வந்து கொசுவத்தைச் சரி பண்ணிவிட்டாள். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டதை நான் பார்க்காதது போல இருந்தேன்.

அன்றைய நடை என் கால் வேகத்தில் நடந்தது. பத்தடிக்கு ஒரு தரம் நின்று, நின்ற இடத்தில் ஒரு விளக்கம். பஸ் ஸ்டாண்டிலேயே வெகு நேரம் நின்றோம். எந்தப் பஸ் எந்தத் தோட்டத்து ஆட்களை ஏற்றிக்கொண்டு வருகிறது, அவர்கள் எதற்காக டவுனுக்கு வருகிறார்கள், விடிய இறங்குகிறவர்கள் யார், பொழுது சாயக் காத்து நிற்கிறவர்கள் யார் என்று சொன்னார். பக்கத்தில் பஸ்ஸுக்கு நின்றவர்களும் காது கொடுத்தார்கள். பிறகு அவர் முன்னால் போனார், நேரே பார்த்துப் போனார், ஒரு தரம்கூடத் திரும்பவில்லை. கடைசியில் பாக்கியம் வந்தாள்.

தபால் கந்தோர் வாசலில் மிஸ் அதே கேள்வியைக் கேட்டார். இதைக் கட்டியது யார்?

விளக்கம் துரையின் பேரைச் சொன்னார். சிவப்புச் சுவரைத் தொட்டார். “அவரு கட்டச் சொன்னவருங்க மிஸ். இந்தக் கல்லச் சொமந்து வச்சவங்க பேரு எனக்குத் தெரியாது. தேடிப் பாத்தேன், கெடைக்கல.”

தெரியாது என்று அவர் சொன்னதைக் கேட்டு, சரஸ் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மிஸ் தலையாட்டிவிட்டு எதையோ எழுதினார். பிறகு அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். நாங்கள் சிவப்புச் சுவரோரம் வரிசையாக நின்றுகொண்டிருந்தோம். அவர் திரும்பி வந்தபோது முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பாக்கியத்தைப் பார்த்து, “பேட்ஜ் தபால்ல வருமாம் புள்ள” என்றார். தபால் எப்படி வருகிறது, தபால் பையை முதலில் கொண்டுவந்தது யார் என்றும் சொல்ல ஆரம்பித்தார். பாக்கியம் அவர் வாயைப் பொத்தினாள். நடுறோட்டில் அவள் அவரைத் தொட்டதை நாங்கள் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

திரும்பும்போது பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பக்கத்தில் அவர் வந்து உட்கார்ந்தார். பஸ் ஏரிக்கு எதிர்ப் பக்கமாகத் திரும்பி நானுஓயா றோட்டில் இறங்கியது. மற்றவர்கள் களைத்துப் போய்த் தூங்கிவிட்டார்கள். பாக்கியம் முன் சீட்டில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். அவர் ஒரு தரம் கனைத்தார்.

“அந்த ஏரி இருக்கே அக்கா” என்றார்.

சொல்ல வைத்திருந்ததையெல்லாம் எனக்கு ஒருத்திக்கு, ஒன்றையும் விடாமல், குரலை இறக்கிச் சொல்லிக்கொண்டு வந்தார். அந்த இடம் முன்பு எப்படிக் கிடந்தது, தண்ணீர் எங்கிருந்து வந்தது, மண் அள்ளினது யார், அவர்கள் எந்தப் பக்கம் படுத்துத் தூங்கியிருப்பார்கள் என்றெல்லாம். ஜன்னலுக்கு வெளியே மூட்டம். நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். தலவாக்கலையில் பஸ் நின்றபோது, இன்னும் கொஞ்ச தூரம் ஓடியிருக்கலாம் என்று இருந்தது எனக்கு.